வார்ட்வெல் ஆவதற்கு முன்

மாமா,

இன்று பள்ளி நூலகத்தில் போட்டோகொப்பி இயந்திரம் சூடாகி ஒரு கருகல் மணம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்தேன். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நோர்பரியில் எங்கள் வீட்டு மேலறையில் நீங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், ஞாயிறுதோறும் அப்பாவின் நண்பர்கள் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த உங்களுக்கு வார்ட்வெல் என்று குடும்பப் பெயர். பகிடிக்கு அது போதாதா?

"எங்கடை பூட்டன் ஜோசையா வார்ட்வெல் அசல் அமெரிக்கன். மிஷனரிமாரோடை கப்பலிலை வந்து இறங்கினவர்" என்பீர்கள்.

"ஓம் ஓம்! இறங்கி வெயிலுக்கை நிண்டு நல்லாக் கறுத்துப் போனாராக்கும்" என்பார் அப்பா.

நீங்களும் சிரிப்பீர்கள். மாடிப்படி ஏறும்போது உங்கள் முகம் வேறாக இருக்கும், நான் கண்டிருக்கிறேன். தலைமுறைப் பெயர்கள் எழுதிய உங்கள் வீட்டு வேதாகமம் ஊரில் நடந்த போரில் எரிந்துவிட்டது. இரண்டாவது தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

"பிள்ளை, நீ புத்தகப் பூச்சி. அந்த மனிசன் ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தா. தெரியாமல் சாக எனக்கு விருப்பமில்லை."

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. உலகத்திலேயே முக்கியமான வேலை எனக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

நூலகப் பெண்மணி தேடித் தந்த அமெரிக்க முகவரிகளுக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. ஆனால் எப்பேர்ப்பட்ட பதில்! அமெரிக்காவில் முதன்முதல் குடியேறிய வார்ட்வெல் தொடங்கி, அந்தக் குடும்பத்தின் முழு வரலாறும் போட்டோகொப்பியாக வந்திருந்தது. உள்ளே ஒரு ஜோசையா, உங்கள் பூட்டனின் காலத்தவர். அந்த ஞாயிறு நீங்கள் அந்தத் தாள்கட்டை மேசையில் போட்டீர்கள். "வாசி மச்சான், வாசி!" அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

நான்தான் அவசரப்பட்டேன், மாமா. கடைசிப் பக்கங்களை மறுநாள்தான் படித்தேன். ஜோசையா சப்பாத்துத் தைப்பவர். பிறந்த ஊரை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர். பிள்ளைகளும் இல்லை.

உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஐந்து நாள் உங்கள் கண்ணில் படாமல் திரிந்தேன். சனிக்கிழமை அம்மாவை இழுத்துக்கொண்டு, பழைய மிஷன் அறிக்கைகள் உள்ள ஒரு நூலகத்துக்குப் போனேன். பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பட்டியல் கிடைத்தது. மிஷன் பள்ளியில் தங்கிப் படித்த ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றால், அவருடைய பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடுவார்களாம். அங்கே, அந்தச் சப்பாத்துக்காரர் பணம் அனுப்பிப் படித்த பிள்ளையாக உங்கள் பூட்டன் ஜோசையா வார்ட்வெல் இருந்தார். பக்கத்தில் உங்கள் ஊர். கடைசிக் கட்டத்தில் பிள்ளையின் பழைய பெயர்: வேலன், தகப்பன் காத்தன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்தே சொன்னேன். கட்டிலில் இருந்தபடி, கருகல் மணத்தோடு நான் போட்டோகொப்பி எடுத்து வந்த தாளை விரல் வைத்து வாசித்தீர்கள். நான் அழத் தயாராக இருந்தேன்.

"ஒரு பேர் கேட்டன். நீ இரண்டு பேரைக் கொண்டு வந்திருக்கிறாய்" என்றீர்கள். பிறகு, "காத்தன்ரை மோன் வேலன்" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தீர்கள்.

அடுத்த ஞாயிறு, எவரும் கேட்குமுன் நீங்களே எழுந்து எல்லாவற்றையும் சொன்னீர்கள். "அமெரிக்கன் இல்லையடாப்பா, நான் வேலன்ரை ஆள்!"

"அப்ப இனி வேலரெண்டு கூப்பிடலாமோ?" என்றார் அப்பா.

"தாராளமாக் கூப்பிடு. அந்தப் பேரைக் கூப்பிட்டு எத்தினை வருசம்!"

அப்பாவே கைதட்டத் தொடங்கினார். அன்று படியேறும்போது நீங்கள் பாடிக்கொண்டு போனீர்கள்.

உங்கள் அடக்க ஆராதனையில் போதகர் உங்கள் பெயரை வாசித்து நிறுத்தியதும் நான் எழுந்தேன். "காத்தன் மகன் வேலன் வழிவந்தவர்" என்று மிச்சத்தை வாசித்தேன்.

இப்போது சரித்திரப் புத்தகத்தில் எந்தப் பட்டியலைக் கண்டாலும், பழைய பெயர் இருக்குமா என்று கடைசிக் கட்டத்தை முதலில் பார்க்கிறேன். அநேகமாக அது வெறுமையாகவே இருக்கிறது. உங்களுடையது இருந்தது, மாமா. நான் கண்டுபிடித்தேன்.