நல்ல படத்தில் வந்த வெள்ளைக் கலயம்

இன்று காலை கொட்டாரம் சந்தி வழியாக ஒரு மாட்டு வண்டி தமுக்கடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூட வாசலில் விழுந்த மஞ்சள் நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். அதே படம். நாகர்கோவில் கொட்டகைக்கு மறுபடியும் வருகிறது. மதியம் முழுவதும் உன்னை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீயும் நானும் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்து, கோடை விடுமுறைக்கு வந்தபோதுதான் அதைப் பார்த்தோம். சினிமாவுக்குப் போனவர்களுக்கு நம் சபையில் அந்த மாதம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. ஆனால் இது கள்ளுக்கு எதிரான படம். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரே எழுந்து, "இது கேளிக்கையில்ல, பிரசங்கமாக்கும். எல்லாரும் போய்ப் பாருங்க" என்றார். நீ என் காதில், "அப்போ அங்க டிக்கெட்டு குடுப்பாவளா, காணிக்கை எடுப்பாவளா?" என்றாய்.

படம் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. குடிகாரனின் மனைவி வெறும் அடுப்பின் முன்னால் பாடியபோது நாம் இருவரும் அழுதோம். பிறகு அந்த நிலாக் காட்சி. கறுத்த பனையின் உச்சியில் பால்போல வெளுத்த ஒரு கலயம். மேகம் விலக விலக அது துலங்கி வந்தது. கொட்டகையே மூச்சடக்கிப் பார்த்தது. அந்தக் கலயத்திலிருந்துதான் பனையேறி ஊரைக் கெடுக்கும் கள்ளை இறக்குகிறான். "இது பதநீர்தான் ஐயா" என்று போலீஸ்காரனிடம் பொய் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

நீ என் பக்கம் சாய்ந்தாய். "ஏட்டி, அது சுண்ணாம்புல்லா? சுண்ணாம்பு தடவுனா எப்படிக் கள்ளாவும்? அது அக்கானிக் கலயம்."

அக்கானி என்று நாம் சொல்லும் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கத்தானே கலயத்தில் சுண்ணாம்பு. உன் அப்பா பனையில் கட்டும் கலயங்களுக்கு விடுமுறையில் நீதான் தடவிக்கொடுப்பாய். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், "படம் பாக்க வந்தியா மக்கா, குத்தம் பாக்க வந்தியா?" என்றாள்.

திரும்பி நடக்கும்போது நான், "ஒரு கலயம் மாறிப்போனா என்னட்டி? சொல்ல வந்தது நல்ல காரியந்தானே" என்றேன்.

"நல்ல காரியந்தான். எங்க சித்தப்பா குடிச்சே செத்தாரு, எனக்குத் தெரியாதா? படம் மோசமா இருந்தா நான் கவலைப்பட மாட்டேன். பத்து நாள்ல மறந்துருவாவ. இது அழகால்லா இருக்கு."

படத்தைப் படமாகத்தான் பார்க்க வேண்டும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "நீ பாரு. எனக்கு அதுல எங்க அப்பால்லா நிக்காரு" என்றாய்.

மறுவாரம் டவுனிலிருந்து சில இளைஞர்கள் கொடி பிடித்துக்கொண்டு உங்கள் பக்கத்துப் பனைவிளைகளுக்கு வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, ஊரைத் திருத்த வேண்டும் என்று மெய்யாகவே நினைத்தவர்கள். கறுத்துத் தொங்கிய கள்ளுக் கலயங்களைக் கடந்துபோய், வாயோரம் சுண்ணாம்பு வழிந்து வெளுத்த கலயங்களாகத் தேடிக் கல்லெறிந்தார்கள். பனை உச்சியிலிருந்து உன் அப்பா, "ஏலே, எறியாதுங்க. அது அக்கானிலே" என்று கத்தினார். கீழே ஒருவன் சிரித்தான். "படத்துலயும் இவன் இதத்தாம்லே சொன்னான்."

தடுப்பதற்காக அவசரமாக இறங்கினார். பாதிப் பனையில் கால் தவறியது. அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. நீயும் திருவனந்தபுரத்துக்குத் திரும்பவில்லை.

ஓண விடுமுறையில் நான் உன் வீட்டில் இருந்த அன்றுதான், சிரித்த அந்த இளைஞன் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து முற்றத்தில் நின்றான். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். "இரியும்" என்றாய். பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "அந்தப் படத்துல உமக்கு எது ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டாய்.

அவன் தரையைப் பார்த்தபடி, "அந்த நிலா வருதுல்லா, அது" என்றான்.

"எனக்கும் அதுதான்" என்றாய்.

 உள்ளே உன் அப்பா தண்ணீர் கேட்டார். ஐப்பசி மழையில் அவர் போனார். அடுத்த கோடையில் விஷக்காய்ச்சல் உன்னையும் கொண்டுபோனது. பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சபையில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், நீங்க பி.ஏ. படிச்சவிய. சொல்லுங்க, படம் எப்படி? பிள்ளையளக் கூட்டிட்டுப் போலாம்லா?"

"நல்ல படம் அம்மா. ஆனா கூட்டிட்டுப் போவண்டாம்."

"நல்ல படம்ணா பின்ன என்ன?"

எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கலயத்தைப் பற்றிச் சொன்னேன். உன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பாவம். ஆனா அது அந்தப் பயக்க செஞ்ச தப்பு. படம் என்ன செய்யும்? நல்ல சேதியாக்கும்" என்றார். வருகிற சனிக்கிழமை போவதென்று முடிவாகிவிட்டது.

சேதி நல்லதென்றால் படமும் நல்லது என்கிறார்கள் சிலர். படம் நல்லதென்றால் சேதியைப் பார்க்காதே என்கிறார்கள் வேறு சிலர். பனையிலிருந்து விழுந்தவர் இரு தரப்பாரின் கண்ணிலும் படுவதில்லை. நானோ, அந்தப் படத்தை மோசம் என்று சொல்ல இன்றைக்கும் முடியாதவள். சொன்னால் பொய்யாகிவிடும், பொய் உனக்குப் பிடிக்காது. எந்தப் படத்துக்குப் போனாலும் பாதி நேரம்தான் திரையைப் பார்க்கிறேன். மீதி நேரம், இதில் யாருடைய அப்பா நிற்கிறாரோ என்று கொட்டகையில் இருக்கிற முகங்களைப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.

என் வகுப்பில் ஒரு பனையேறியின் மகள் படிக்கிறாள். சுண்ணாம்பு அரித்த விரல்கள். இதுவரை ஒரு படமும் பார்த்ததில்லை; படத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் முதலில் கைதூக்கியவள் அவள்தான். சனிக்கிழமை நானும் போகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அந்த அழகான இடம் வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.