வெட்டுப்பட்ட வாக்கியத்தின் மறுபாதி

இன்று காலை ஜான்-தலோன் மெட்ரோ நிலையத்தில் ஒரு விளம்பரத்தின் முன்னால் நின்றுவிட்டேன். டவுன்டவுனில் புதிதாகத் திறந்த ஏதோ உணவகம். பத்திரிகை ஒன்று தன்னைப் பாராட்டியதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: "அருமையான சாப்பாடு... மறக்கவே முடியாது." நடுவில் மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு அடியில் எதைப் போட்டுப் புதைத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றதில் வண்டி போய்விட்டது. வேலைக்குப் பிந்திப் போனதற்கு நீதான் காரணம் என்று யாரிடம் போய்ச் சொல்ல? நீ போய் இது இரண்டாவது குளிர்காலம்.

நீ எதையும் முழுதாகக் கேட்காமல் நம்பியதில்லை. காலையில் கார்தெரியில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை உனக்கு. ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து "அவன் அடிச்சவன்" என்றால், மற்றவர்கள் அடித்தவனைத் தேடிப் போவார்கள். நீ அழுகிற பிள்ளையிடம் குனிந்து, "அதுக்கு முதல் என்ன நடந்தது?" என்று கேட்பாயாம். நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

கன்னியர் மடத்தில் லத்தீன் படித்து, மடத்தை விட்டு வெளியே வந்து, இந்த ஊரில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். ஆய்வேட்டைப் பிரெஞ்சில்தான் கொடுக்க வேண்டும். உன் பிரெஞ்சோ சப்பாத்து மாட்டிவிடவும் மூக்குத் துடைத்துவிடவும் மட்டும் போதுமானது. மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பதால் என்னைத் தேடி வந்தாய். நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு மெட்ரோ மாறி வில்லரேயில் இருக்கிற என் வீட்டுக்கு வருவாய். என் சமையலறை மேசையில் உன் லத்தீன் பக்கங்களைப் பரப்புவாய். நீ அதைத் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் எழுதுவேன். லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நம் மட்டக்களப்புத் தமிழ் உட்கார்ந்திருந்தது.

நீ பின்தொடர்ந்தது ஒரு துறவியை. அச்சு இயந்திரம் வருவதற்குச் சற்று முந்திய காலத்தவர். தன் நாளில் பெரிய கத்தோலிக்க அறிஞர். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் கதி என்ன என்று ஒரு நூல் எழுதியிருந்தார். அதில் பக்கத்துக்குப் பக்கம் ஆதித் திருச்சபைத் தந்தையரின் எழுத்துகளைச் சாட்சிக்கு அழைத்திருந்தார். அந்தச் சாட்சிகளை அவர் எங்கிருந்து எடுத்தார், ஒழுங்காக எடுத்தாரா என்பதுதான் உன் ஆராய்ச்சி.

ஏன் இந்த மனிதர் என்று நான் ஒருநாள் கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்.

"எனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்தவன். ஞானஸ்நானத் தண்ணி ஊத்திறதுக்கு முதலே போயிட்டான். சேமக்காலைக்குள்ள அடக்க விடல்ல. மதிலுக்கு வெளியதான் கிடங்கு வெட்டினது. அம்மா ஏனெண்டு கேட்டதுக்கு, கோவில் சாமியார், புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு எண்டு சொன்னவர்."

"அதுக்கு?"

"எந்தப் புத்தகம் எண்டு பாக்க வேணும்."

அந்தத் துறவியின் நூலில் ஓரிடம். கிரேக்க மொழியில் எழுதிய ஆதிகால ஆயர் ஒருவரை மேற்கோள் காட்டி, அப்படிப்பட்ட குழந்தைக்கு மகிமை இல்லை என்று முடித்திருந்தார். நீ அந்த ஆயரின் மூலத்தைத் தேடிப் பிடித்தாய். அங்கே வாக்கியம் முடியவில்லை. மகிமை இல்லை, ஆனால் தண்டனையும் இல்லை, அந்தக் குழந்தை ஒரு தீங்கும் செய்யவில்லையே என்று அது தொடர்ந்து போனது. அன்று என் வீட்டு மாடிப்படியில் பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினாய்: "பிடிச்சிட்டன்டி கள்ளனை!"

உன் பேராசிரியருக்கும் மகிழ்ச்சி. பேர்போன அறிஞர் ஒருவர் செய்த மோசடி என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா. துணிந்து எழுதச் சொன்னார். நீயோ அவரையும் சந்தேகப்பட்டாய். "இந்த மனிசன் ஏன் இவ்வளவு சந்தோசப்படுறார்? செத்தது அவர்ட தம்பியா?"

பிறகு என் முறை வந்தது. நான் எழுதித் தந்த பிரெஞ்சுப் பக்கங்களை நீ இரகசியமாக உன் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கொடுத்துச் சரிபார்த்ததை, அவளே வாய்தவறி என்னிடம் சொல்லிவிட்டாள். எனக்குக் காது சுட்டது.

"என்னையும் சந்தேகப்பட்டியா?" என்று போனில் கேட்டேன்.

"ஓம்."

"ஏன்?"

"நீ இரக்கக்காரி. நான் அவரைக் கள்ளன் எண்டு சொன்னதை நீ தவறிட்டார் எண்டு எழுதி இருப்பாய் போல கிடந்தது."

போனை வைத்துவிட்டேன். சில சனிக்கிழமைகள் நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. திரும்ப வந்தபோது கதவில் நின்றபடியே சொன்னாய்: "பாத்தாச்சு. நீ ஒரு சொல்லும் மாத்தல்ல." அது மன்னிப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று உன் முகம் சரியில்லை. மன்னிப்பை விடப் பெரிதாக ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு வந்திருந்தாய்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாய். அந்தத் துறவி பெரும்பாலும் தந்தையரின் முழு நூல்களைப் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் பலரும் செய்ததுபோல, மேற்கோள்களைப் பொறுக்கித் தொகுத்த ஒரு திரட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறார். அந்தத் திரட்டிலேயே ஆயரின் வாக்கியம் பாதியில் நிற்கிறது. வெட்டியது வேறு யாரோ.

"அப்ப அவர் கள்ளன் இல்ல," என்றேன்.

"அவசரப்படாத. அவர்ட பிரசங்கம் ஒண்டு கிடக்கு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குச் சொன்னது. அதில அந்த வாக்கியத்தை முழுசாச் சொல்லி இருக்கிறார்."

தாய்மாருக்கு முழு வாக்கியம், படித்தவர்களுக்குப் பாதி. தெரிந்துகொண்டே மறைத்தாரா? அல்லது நூலை எழுதி முடித்த பிறகுதான் மறுபாதி அவர் கண்ணில் பட்டதா? எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. தேடித் தேடி நீ மெலிந்துபோனாய். பேராசிரியர் முந்தியது பிரசங்கம்தான் என்று வைத்துக்கொண்டு எழுதச் சொன்னார். அப்படி எழுதியிருந்தால் உனக்குப் பெயர் கிடைத்திருக்கும். உன் தம்பிக்காக ஒருவனைக் கூண்டில் ஏற்றிய நிம்மதியும் கிடைத்திருக்கும்.

நீ எழுதவில்லை. "எனக்கு அவரில சந்தேகம்தான் புள்ள. சாகும்வரைக்கும் இருக்கும். ஆனா சந்தேகத்தைத் தீர்ப்பு எண்டு எழுத ஏலாது," என்றாய். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துக்கு நீ சொன்ன வாக்கியத்தை நான் மூன்று முறை வாசித்துக் காட்டினேன்: அவர் அறிந்தே மறைத்தார் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு, ஆயினும் அதை நிரூபிக்க என்னால் முடியவில்லை.

பட்டம் வந்தது. பின்னாலேயே நோயும் வந்தது. நீ எழுதிய எதையும் உன் அம்மாவுக்கு வாசித்துக்காட்ட உனக்கு நேரம் கிடைக்கவில்லை.

உன் நினைவுத் திருப்பலி முடிந்து, கோவில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்த நேரம். இந்த ஊரிலேயே இருக்கும் உன் அண்ணன் வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட உன் அம்மா முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தா. வந்திருந்த தமிழ்ச் சாமியார், நல்ல மனிதர், உன்னைப் புகழ்ந்து பேசினார். "திருச்சபையின் அறிஞர்களைச் சந்தேகித்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கடைசியில் தாமே மனமுவந்து எழுதினார், நிரூபிக்க முடியவில்லை என்று," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினா.

எனக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. ஆனால் எழும்பிவிட்டேன். "ஃபாதர், குறை நினைக்காதீங்க. அந்த வசனத்துக்கு முன்பாதி ஒண்டு இருக்கு." முழுதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "எனக்கு யாரோ குறிப்பு எடுத்துத் தந்ததம்மா. நான் முழுசா வாசிக்கல்ல," என்றார் மெதுவாக. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

அப்போதுதான் அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டா. "அந்தப் புத்தகத்தில என்ட சின்னவனைப் பத்தி என்ன கிடந்தது?"

சாமியார் குனிந்து, "அம்மா, இப்ப திருச்சபை நம்பிக்கையோடதான் சொல்லுது. அந்தப் பிள்ளைகள் ஆண்டவர்ட இரக்கத்தில" என்று தொடங்கினார்.

"இப்ப சொல்றது இருக்கட்டும். அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னது?" அம்மாவின் கண் என்னைவிட்டு அகலவில்லை. "நீ சொல்லு மகள்."

என் நாக்கு நுனியில் மறுபாதி மட்டும் தயாராக இருந்தது. தண்டனை இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். தொண்ணூறை நெருங்கும் ஒரு தாய்க்கு முன்னால் அதை யார் குற்றம் என்பார்கள்? அந்தத் துறவிக்கும் ஒருநாள் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அப்போது தோன்றியது. கையைப் பிடித்துக்கொண்டு, மகிமை இல்லை என்றும் சொன்னேன், தண்டனை இல்லை என்றும் சொன்னேன், பிள்ளை ஒரு தீங்கும் செய்யவில்லை என்று ஆயர் எழுதியதையும் சொன்னேன்.

"செய்யல்லத்தானே," என்றா அம்மா. "அவன் பால்கூடக் குடிக்கல்ல." பிறகு என் கையை விட்டுவிட்டு, "இவ்வளவையும் அவள் தேடிப் பாத்தவளா?" என்று கேட்டா.

"ஓம் அம்மா."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அம்மாவிடம் போகிறேன். உன் ஆய்வேட்டைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கிக்கொண்டே வாசிக்கிறேன். பாதி அம்மாவுக்கு விளங்குவதில்லை, எனக்கும் அப்படித்தான். போன வாரம் களைத்துப்போய், பக்கத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்துக் குறிப்புகளைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பக்கம் புரண்ட சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்தா.

"கீழ ஏதோ கிடக்குப் போல?"

"அது வெறும் குறிப்பு அம்மா. எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் எண்டு."

"அதையும் என்ட மகள்தானே எழுதினவள்," என்றா. "வாசி."