உனக்கும் எனக்கும் ஒரு சின்னத் தட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் சுகம்தானே? நான் சுகம். என் தொப்பை என்னைவிடச் சுகம்.

இளைக்க வேண்டும் என்று நீ ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. தொப்பையைக் கரைக்கப் போன வாரம் நானும் மூன்று நாள் பட்டினி கிடந்தேன். நாலாம் நாள் வேலை பார்க்கும் கிடங்கில் லேசாகத் தலைசுற்றி ஒரு மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். பயப்படாதே, சேதம் மூட்டைக்குத்தான்.

இங்கே கம்பெனியில் தமிழ் பேசும் நர்ஸம்மா ஒருத்தி வந்து பார்த்தாள். "எத்தனை நிமிஷத்துல சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்மா."

"பட்டினியெல்லாம் வேணாம். சின்னத் தட்டுல போட்டு மெதுவா மென்னு சாப்பிடுங்க. வயிறு போதும்னா எழுந்திருங்க."

அப்படியே செய்கிறேன். "அண்ணே, சாப்பிடுறீங்களா, ஜபம் பண்றீங்களா?" என்கிறான் அறையில் கூட இருப்பவன். முக்கால் தட்டிலேயே வயிறு போதும் என்கிறது. இத்தனை வருஷமும் அது சொல்லியிருக்கும், நான்தான் காதில் வாங்கவில்லை.

ஆனால் ராத்திரி அவன் வேலைக்குப் போனபின், பேச்சுத்துணை இல்லாமல் தட்டு சீக்கிரம் காலியாகிவிடுகிறது. அதனால் தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சின்னத் தட்டோடு உட்கார்ந்து எனக்குப் போன் போடு. நீ மெல்லுவது எனக்குக் கேட்க வேண்டும். கேட்கும்வரை என் தட்டை நான் தொடமாட்டேன்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

அப்பா