ஆறாவது குவளை

நாள் 212, காலை 9.10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் தமயந்தி, ஒன்பதாம் வகுப்பு, செவ்வாய்க் குடியிருப்பின் மாணவக் கழிவுநீர்ப் பதிவாளர். இங்கே முந்நூறு பேரின் சாக்கடையும் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போய்க் குடிநீராகத் திரும்புகிறது. குரோமியம் அந்த நுண்ணுயிரைக் கொன்றுவிடும். அதனால் முலாம் பூசும் பட்டறைகள் குரோமியக் கழிவைச் சுத்திகரித்த பிறகே திறந்துவிட வேண்டும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் வரை அனுமதி. தாண்டினால் மேற்பார்வையாளர் ஜெசிந்தா அக்கா குழாயை அடைத்துவிடுவார்.

அப்பாவின் பட்டறை வாசல் மேன்ஹோல்: 0.3. முதல் குவளையை விதிப்படி கொட்டிவிட்டேன். அதில் குழாயின் துரு வரும். நுண்ணுயிர்த் தொட்டி நீரின் ஒரு துளியில், நுண்ணோக்கியில் மணி வடிவ உயிரிகள் ஏழு; அவை அசைந்தால் தொட்டி நலம். ஏழையும் வரைந்தேன்.

நாள் 219, காலை 9.15
முதல் குவளை மஞ்சள். கொட்டினேன். இரண்டாவதும் மஞ்சள்: குரோமியம் 41. அப்பா ரேடியோவில் வந்தார்.

"பாப்பா, நம்ம பட்டறைச் சுத்திகரிப்புத் தொட்டி உடைஞ்சு ஒழுகிருச்சும்மா. ஏற்கெனவே ரெண்டு நோட்டீஸ். இன்னொண்ணு வந்தா பட்டறையை மூடிருவாங்க. பாத்து எழுது."

துரு ஐந்து குவளை வரைகூட வரலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதற்குள் மஞ்சள் ஓடிக் கடந்துவிட்டது. ஆறாவது குவளை தெளிவு. 0.9 என்று அழகாக எழுதினேன்.

நாள் 221, பிற்பகல் 2.40
மணி உயிரிகள் அசையவில்லை. ஜெசிந்தா அக்கா ரேடியோவில்:

"பட்டறை எல்லாம் சுத்தம்னு நீதான்டி எழுதியிருக்க. உன் நோட்டு பொய் சொல்லாது. அப்ப சலவைக்கூடம்தான். அந்தக் குழாயை அடைக்கப் போறேன்."

"சரிக்கா" என்றேன். சலவைக்கூடத்தை நடத்தும் பிலோமினா அத்தை, தன் சோப்பில் ஒன்றுமில்லை என்று இதற்குள் மூன்று முறை மனு கொடுத்தாராம்.

நாள் 223, காலை 11.05
ஒன்றுகூட உயிரோடில்லை. எல்லாரும் கேட்கும் பொது அலைவரிசையில் பேசினேன்.

"அக்கா, அத்தை மேல தப்பில்ல. எங்க பட்டறைதான். அஞ்சு குவளையைக் கொட்டிட்டு ஆறாவதை எழுதினேன்."

பிறகு அக்கா: "அன்னைக்கே சொல்லியிருந்தா பாதித் தொட்டியையாவது காப்பாத்தியிருப்பேன், கண்ணு."

அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நாள் 224, மாலை 5.30
கையிருப்புத் தண்ணீர் பத்தொன்பது நாளுக்கு. புதிய நுண்ணுயிர் வளர இருபத்தாறு நாள். மறுபடி மறுபடி கழித்துப் பார்த்தேன். ஏழு நாள் குறைவாகத்தான் வருகிறது.

தண்ணீர் வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு நின்றார்கள். அப்பா தன் பங்கை வாங்கவில்லை.

நான் வாங்கினேன். குடித்தும் விட்டேன்.