வண்டியூர்க் குதிரையின் நாலாவது துடிப்பு

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து ஸ்பிரிட்டும் குதிரை வியர்வையும் கலந்த வாடை போகவில்லை. இன்று காலை விளாங்குடியில் ஒரு கத்தியவாரி இன ஆண்குதிரைக்கு ஈசிஜி எடுத்தேன். கிளிப் மாட்டும் இடங்களில் முடியை ஸ்பிரிட்டால் நனைக்கும்போதே உன் நினைப்பு வந்துவிட்டது. நீ செத்து எட்டு மாதமாகிறது. உன்மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை.

இருவரும் ஒரே கல்லூரியில் கால்நடை மருத்துவம் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கேட்ட மதுரை உனக்குக் கிடைத்தது, எனக்கு ராமநாதபுரம். யாரைப் பார்த்து வாங்கினாய் என்று உன்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே முடிவு கட்டிக்கொண்டேன். ஒன்பது வருடம் கழித்து மாற்றலாகி வந்தபோதும் உன் சிரிப்புக்குப் பின்னால் ஏதோ இருப்பதாகவே பட்டது.

அந்தச் சமயத்தில்தான் வண்டியூர் சோணை தன் பெண்குதிரையை நம் இருவரிடமும் காட்டினார். காதுநுனி இரண்டும் தொட்டுக்கொள்ளும் நல்ல கத்தியவாரி. வண்டிப் பந்தயத்தில் விட அவருக்கு ஆசை. நான் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டபோது மூன்று துடிப்பு வந்தது, நாலாவது வரவில்லை. திரும்பத் திரும்ப அப்படியே.

"ஓட்டாதீங்கண்ணே, விழுந்துரும்" என்றேன்.

நீ அதை நாலு சுற்று ஓடவிட்டு, நின்றதும் விலாவில் வைத்துக் கேட்டாய். "சும்மா நிக்கையில ஒரு துடிப்ப விட்டா பயமில்லண்ணே. அம்புட்டு நிதானமான நெஞ்சு. ஓடி வந்தப்பறமும் விட்டாத்தான் நோய். இப்ப ஒண்ணுகூட விடல."

சோணையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காகவே நீ சொன்னதாக நினைத்தேன். மறுநாள் தனியாகப் போய், "அவன் உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றான்" என்று சோணையிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் பயந்து, அந்த வாரமே குதிரையைச் செங்கல் வண்டிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஓடக் கூடாது என்று நான் சொன்ன குதிரை பாரம் இழுத்தது. எத்தனை நாள் இழுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

சிம்மக்கல் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். "மாப்ள, உனக்குக் குதிர மேல சந்தேகமா, எம்மேலயா?"

"ரெண்டு மேலயும்தான்."

"குதிரைக்காச்சும் ஈசிஜி எடுத்துப் பாத்துரலாம். எனக்கு எங்கிட்டு கிளிப்பு மாட்டுவ?"

கடையே சிரித்தது. அதோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன்.

இன்றைய குதிரைக்கும் நிற்கையில் நாலாவது துடிப்பு வரவில்லை. ஓடவிட்டுக் கேட்டேன், ஒழுங்காக வந்தது. ஓட்டலாம் என்றேன். குதிரைக்காரரின் மச்சினன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன் சார், மொதல்ல விட்டுச்சுல்ல? மச்சான் வருத்தப்படுவாருன்னு சொல்றீகளா?"

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவன் காதில் மாட்டினேன். வெகுநேரம் கேட்டான். "ஆமா சார், விடல" என்றான்.

அன்று வண்டியூரில் நீயும் இப்படித்தான் கழற்றி என்னிடம் நீட்டினாய். "வா மாப்ள, நீயே கேளு." நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பைக்குள் கைவிட்டபடி நின்றேன். ஓடி வந்தபின் அந்தக் குதிரையின் நெஞ்சு எப்படித் துடித்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ சொன்னது நிஜமா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அது தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அன்று நான் உன் பக்கம் வரவில்லை.