குளம் இல்லாத தெரு

அன்புள்ள அர்கிரோ அக்காவுக்கு,

இஸ்மினி எழுதுகிறேன். பிரஸ்ஸல்ஸில் குளிர் ஆரம்பித்திருக்கும். நீ நன்றாக இருக்க வேண்டும். போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இந்த வாரம் முழுக்க நான் ஏன் உன்னோடு பேசவில்லை என்று யோசித்திருப்பாய். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லி அப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். வைஃபையும் வேலை செய்யவில்லை என்கிறார். வீட்டுப் போன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நீ இப்போது வந்தால் நம் தோட்டம் உனக்கு அடையாளம் தெரியாது. வரி அலுவலகம் மேலே டிரோன் பறக்கவிட்டு யார் வீட்டில் நீச்சல்குளம் இருக்கிறது என்று பார்க்கிறதாம். குளம் இருந்தால் இவ்வளவு வருமானம் இருக்கும் என்று அவர்களே முடிவுகட்டி, பழைய வருஷங்களுக்கும் சேர்த்து வசூலிப்பார்களாம். அதனால் வசந்தத்திலேயே அப்பா குளத்தை வடித்துவிட்டார். மோட்டாரைக் கழற்றிவிட்டு, மேலே வலை கட்டி, வலைமேல் பிளாஸ்டிக் புல் விரித்து, சுற்றிலும் அரளித் தொட்டிகளை வைத்தார். தெருவில் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். பக்கத்து வீட்டு தெஸ்பினா அத்தை சிரித்துச் சிரித்துச் சொன்னார்: "மேலேர்ந்து பாத்தா நம்ம தெரு பூரா விவசாயிங்கதான்டி!" எனக்கு மட்டும் அந்தப் புல் பிடிக்கவே இல்லை. காற்றடித்தால் அது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும்.

பள்ளிக்கூட விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் வகுப்பில் ஒரு விவாதம் வைத்தார்கள். வருமான வரி நியாயமானதா என்று தலைப்பு. நியாயம் என்று பேசியவள் ரொதாந்தி. அவளுடைய அப்பா வரி அலுவலகத்தில் ஆய்வாளர். "எங்கப்பா சம்பளத்துல, கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுடறாங்க. ஒளிச்சு வைக்கிறவங்களோட பங்கையும் சேத்து நாங்கதான் கட்டறோம்" என்றாள். நான் அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்வதை அப்படியே சொன்னேன்: "இந்த நாட்டுல வரி கட்டினா முட்டாள், கட்டாட்டி திருடன். முட்டாளா இருக்கறதுக்குத் திருடனா இருக்கலாம்." வகுப்பே கைதட்டியது. ரொதாந்தியும் சிரித்தாள். "நல்லாப் பேசற. ஆனா உனக்கு ரோடு யாரு போட்டா, உங்க புல்லா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஏதோ சும்மாதான் சொல்லியிருக்கிறாள். நம் தெருப் புல்லைப் பற்றி ஊரே பேசுகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுடைய அப்பா நம் வீட்டுக்கு வந்தார். திரு. ஸ்கூரஸ். ஒல்லியான மனிதர், சட்டைக் கையைத் திரும்பத் திரும்ப மடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா அவருக்குக் காபி கொடுத்து, சமையலறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைக் காட்டினார். குளமெல்லாம் இல்லை என்றார். "அரளி ஏன் டாக்டர் இப்படி வரிசையா நிக்குது, பரேடுக்கா?" என்று கேட்டார் அவர். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மனைவிக்கு ஆபரேஷன் பண்றதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில கவர் கேட்டாங்க. கொடுத்தேன். அவ பொழைக்கல. அந்தக் கவருக்கு யாரு சார் ரசீது கொடுத்தா?" என்று கத்தினார். அவர் சட்டைக் கையை மடிப்பதை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "என் மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரிதான் டாக்டர். எனக்குப் பணம் ரெண்டு தடவை போகுது. சம்பளத்துல ஒரு தடவை, கவர்ல ஒரு தடவை" என்றார். காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அக்கா. இருவர் சொன்னதும் உண்மைதான்.

அவர் வாசல் வழியாகப் போனதை நான் பார்த்தேன். ஆனால் அவருடைய கார் போகவில்லை. நம் தோட்டத்துக்குப் பின்பக்கம், பைன் காட்டு ஓரத்தில் இன்னும் நிற்கிறது. அன்று இருட்டுகிற நேரத்தில் தோட்டத்தில் கனமாக ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு குரல். அப்பா டிவியைச் சத்தமாக வைத்தார். "ஆந்தை. படு போ" என்றார். நம் தோட்டத்தில் எந்தக் காலத்தில் ஆந்தை இருந்தது?

காலையில் புல்லின் நடுவில், ஆழமான பக்கத்துக்கு நேர் மேலே, கிழிசல் ஒன்றைச் சேர்த்து நீளமாக ஒரு தையல் இருந்தது. பல் கிளினிக்கில் ஈறு தைக்கும்போது அப்பா போடுவாரே, அந்த முடிச்சு. நாம் ஆரஞ்சுத் தோலில் போட்டுப் பழகினோமே, அதேதான். பச்சை நூலில், அழகாக, ஒரே சீராகத் தைத்திருந்தார். கீழே பார்த்துவிட்டுத் தைத்தாரா, பார்க்காமலே தைத்தாரா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது. எது பரவாயில்லை என்றும் தெரியவில்லை.

அன்று இரவிலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. மோதிரம் போட்ட விரலால் தரை ஓட்டில் தட்டுவதுபோல. கொஞ்சம் தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். நான் காதில் தலையணையை அமுக்கிக்கொள்வேன். அப்பாவிடம் கேட்டேன். "மோட்டார் சத்தம்" என்றார். மோட்டார் கராஜில் கிடக்கிறது. அவருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்பா முகமாகவே இல்லை. நம் பூனை அந்தப் புல்லின் விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போலீஸ் ஒவ்வொரு வீடாக வந்தது. "வந்தார், காபி குடிச்சார், போயிட்டார்" என்று அப்பா சொன்னார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. குளம், கிணறு ஏதாவது உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் இல்லை என்றார்கள். ஹெலிகாப்டர் காட்டையும் நம் தெருவையும் சுற்றிச் சுற்றி வந்தது. மேலிருந்து அவர்களுக்கு என்ன தெரியும்? புல்தான் தெரியும். இந்த வெக்கையிலும் தெருவில் எல்லா ஜன்னல் ஷட்டர்களும் இறங்கிக் கிடக்கின்றன. யாரும் தோட்டத்துக்கு வருவதில்லை. தெஸ்பினா அத்தையைப் படியில் பார்த்தேன். நான் எதுவுமே கேட்கவில்லை. அவராகவே என் கன்னத்தைத் தடவி, "கண்ணு, நம்ம தெருவுல யாருக்கும் குளம் கிடையாது. குளம் இல்லாத இடத்துல யாரு விழ முடியும், சொல்லு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது.

இன்று ரொதாந்தி பள்ளி வாசலில் அவள் அப்பாவின் படத்தை வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "கடைசியா உங்க வீட்டுக்குத்தான் வந்தாராம். உங்கப்பாகிட்ட நல்லாப் பேசினாரா? கோவமா இருந்தாரா? அவருக்குச் சுகர் இருக்கு, இஸ்மினி. மாத்திரை கார்லயே கிடக்குது" என்றாள். நான் தெரியாது என்றேன். அப்பா போலீஸிடம் பேசின அதே குரலில்தான் சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்தது, அக்கா.

அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். வலையைப் பிரித்தால் குளம் தெரியும். குளம் தெரிந்தால் வீடு போகும், கிளினிக் போகும், உன் படிப்பு நின்றுபோகும். முதலில் அவ்வளவுதான் பயந்திருப்பார். தைத்த பிறகு பயப்பட வேறு விஷயம் வந்துவிட்டது. இனி ஒவ்வொரு இரவும் அது பெரிதாகிக்கொண்டேதான் போகும்.

நான் கத்தரிக்கோலை எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் நானே போய் வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் வெட்டினால் அப்பா கடைசிவரை தைத்தவராகவே இருப்பார். அதனால் அவரை எழுப்பி, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லையென்றால், என்னை அறையில் வைத்துப் பூட்டப் பார்த்தால், கத்திக்கொண்டே தோட்டத்துக்கு ஓடுவேன். தெரு முழுக்க ஷட்டர் ஏறும்வரை கத்துவேன். இந்தக் கடிதம் பள்ளிப் பையில் இருக்கும். முடிந்தபோது பேக்கரிப் பக்கத்து மஞ்சள் தபால் பெட்டியில் போடுவேன். உனக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மற்றவர்கள் வேறுவிதமாகச் சொல்வார்கள். நான் சொன்னதாகவும் உனக்கு ஒன்று இருக்கட்டும். உன் படிப்பு நின்றுபோனால் என்னை மன்னித்துவிடு. அப்பாவை வெறுத்துவிடாதே.

இதை எழுத உட்கார்ந்தபோது தட்டும் சத்தம் கேட்டது. இப்போது கேட்கவில்லை. இத்தனை நாள் அது நிற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அக்கா, உன் அறைக்குப் பக்கத்தில் கோயில் இருந்தால் மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. நான் தோட்டத்துக் கதவைத் திறக்கும்போது அது மறுபடி தட்ட வேண்டும் என்று கேள்.

உன் தங்கை,
இஸ்மினி