உன்னைச் சாமியாக்கியவர்

இன்று விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சமூகத்தில் மதத்தின் பங்கு என்ன என்ற கேள்விக்கு ஒரு மாணவி, ‘துயரத்தில் இருப்பவர்களுக்கு மதம் ஆறுதல் தந்து அமைதிப்படுத்துகிறது’ என்று எழுதியிருந்தாள். பாடத்தில் உள்ளதுதான், தவறொன்றும் இல்லை. ஆனால் ‘அமைதிப்படுத்துகிறது’ என்ற சொல்லைப் பார்த்ததும் உன் முதலாளியின் முகம் வந்து நின்றது. பேனாவை மூடிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விருதுநகரில் நாம் சமூகவியல் எம்.ஏ. படித்தபோது வகுப்பில் சண்டை போடுகிறவர்கள் நாம் இருவர்தான். நான் கிறிஸ்தவ வாத்தியார் வீட்டுப் பெண். நீ ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், லீவு விட்டால் பட்டாசு ஆலை வேனில் ஏறுகிறவள். மதம் மனிதர்களைச் சேர்த்துக் கட்டுகிறது என்று சில அறிஞர்கள் சொன்னார்கள். இல்லாதவனை அடங்கியிருக்கச் செய்கிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். நான் இரண்டாவது கட்சி. நீ சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சிரித்தாய்.

“ஏட்டி, ரெண்டும் சரிதான். ஆனா மொதலாளி செருப்பக் கழட்டிட்டு எங்ககூட வெறுந்தரையில நிக்கிற எடம் சாமி முன்னாடி மட்டுந்தான். அத எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு?”

அதை என் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தீபாவளி சீசனில் உங்கள் அறையின் பின்கதவை மறைத்துப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். “மொதலாளிகிட்ட சொன்னேன், லோடு போனதும் எடுத்துருவோம்னுட்டாரு” என்று நீ என்னிடம் சொன்ன அதே வாரம், அறையின் முன்பக்கம் தீப்பிடித்தது. மூன்று பெண்கள் தீக்காயத்தோடு தப்பினார்கள். பின்கதவை நோக்கி ஓடிய நீ வரவில்லை. உன் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

பதினாறாம் நாள் முதலாளி வந்தார். உன் அம்மாவின் முன்னால் கைகூப்பி, “அவ சாகல, ஆத்தா. அம்மன் கூப்பிட்டுக்கிட்டா. இனிமே எங்க கம்பெனிக்கு அவதான் காவல்” என்றார். ஆலை வாசலில் உனக்குப் பீடம் எழும்பியது. கல்லுக்குப் பட்டு சுற்றினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் உன்னைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அழுதுகொண்டிருந்த ஊர் மெல்ல அடங்கியது. விசாரணையில் அந்த மூன்று பெண்களும் பின்கதவு திறந்துதான் இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தியைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். அழுதுவிட்டாள். “நாங்க என்னக்கா செய்ய? விசாரணைக்கு முந்தி அவ பீடத்துலயே கற்பூரம் ஏத்தி, கதவு தெறந்திருந்துச்சுன்னுதான் சொல்லுவோம்னு சத்தியம் வாங்கிட்டாரு. மீறுனா எங்க பிள்ளைகளுக்கு ஆகாது.”

உன் வாயை அடைத்தது போதாதென்று, உன்னை வைத்தே அவர்கள் வாயையும் அடைத்திருந்தார். நேராக உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு உன் படத்துக்கு விளக்கேற்றினாள். பிறகு, “அவ பீடத்துல வைக்கிற வருசப் பொங்கலுக்கு நீயும் வாம்மா” என்றாள்.

போனேன். முதல் மரியாதை வாங்க முதலாளி வெறுங்காலோடு நின்றார். மேளம் உச்சத்துக்கு ஏறியது. உன் அம்மாவுக்கு அருள் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஆடவில்லை. கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினாள்.

“மொதலாளி, இந்தப் பிள்ளைக சத்தியம் பண்ணுச்சு. நீங்களும் பண்ணுங்க. பின்கதவு தெறந்துதான் இருந்துச்சுன்னு கற்பூரத்துல அடிச்சுச் சொல்லுங்க.”

“நல்ல நாளும் அதுவுமா என்னத்தா பேசுற?”

“அடிங்க. எம்மக பாத்துக்கிட்டு இருக்கா.”

வேறு எங்கே கேட்டிருந்தாலும் ஆள் வைத்து அவளை வெளியே தள்ளியிருப்பார். அங்கே முடியவில்லை. கையை நீட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது.

உன் அம்மா அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள். “இவ மேல பண்ணுன சத்தியத்தப் பெத்தவ நான் எடுத்துக்கிட்டேன். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ளதப் போய்ச் சொல்லுங்க.” பிறகு பீடத்துக் கல்லைப் பெயர்த்து முந்தானையில் ஏந்திக்கொண்டாள். “எம்மக ஒங்க வாசல்ல காவல் நிக்க மாட்டா.”

அந்த மூவரும் போய்ச் சொன்னார்கள். ஆலைக்குச் சீல் வைத்தார்கள். முதலாளி சிறைக்குப் போய் ஜாமீனில் வந்திருக்கிறார். வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற பெஞ்சில் உன் அம்மாவோடு உட்காருகிறேன். அவர் நிமிர்வதில்லை.

“மன்னிச்சு விட்டுரும்மா, பழிய ஆண்டவர் பாத்துக்கிடுவாரு” என்கிறார் அப்பா. ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழங்காலிட்டு, எனக்குத் தீங்கு செய்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மன்னிக்கிறேன். முதலாளியின் பெயர் வரும்போது மட்டும் எழுந்துவிடுகிறேன்.